இடப்பக்கத் தட்டிக்குப் பின்னால்

பேயாவது பிசாசாவது என்று சொல்கிறவர்கள் தாராளமாகச் சொல்லிக்கொள்ளுங்கள். ஸ்ரீவில்லிபுத்தூரில் அந்த நாடகத்தை முன்னால் உட்கார்ந்து பார்த்தவர்கள் இருநூறு பேருக்குக் குறையாது. அதில் ஒரு போலீஸ் டி.எஸ்.பி.யும் உண்டு. இருநூறு பேரும் சேர்ந்து கனவா கண்டார்கள்? பள்ளிக்கூடத்தின் பெயரை மட்டும் நான் சொல்ல மாட்டேன். அங்கே இன்னும் பிள்ளைகள் தங்கிப் படிக்கிறார்கள், ராத்திரி அதுகள் தூங்க வேண்டும். மற்றதெல்லாம் நடந்தது நடந்தபடி.

வருஷம் 1937. ஆறாவது பாரம். அதுதான் அப்போது கடைசி வகுப்பு, எஸ்.எஸ்.எல்.சி. பரீட்சை எழுதிவிட்டால் பையன்கள் பெரிய மனுஷர்கள். அந்த வகுப்பில் ஜெபதுரை வைத்ததுதான் சட்டம். சொந்த ஊர் ராஜபாளையம், அப்பா போலீஸ் ஏட்டு. ஏட்டையா மகன் என்கிற மிதப்பு அவன் நடையிலேயே தெரியும். பந்தாட்டத்தில் காப்டன். விடுதியில் மானிட்டர். நாடகம் போட்டால் கதாநாயகன். குரலோ கடைசி பெஞ்சுக்கு அப்பால் வேப்பமரத்தடி வரை கேட்கும்.

ஒரே ஒரு குறை. வசனம் மனப்பாடம் செய்ய மாட்டான். சோம்பேறி என்று சொல்லுங்கள், திமிர் என்று சொல்லுங்கள், இரண்டும்தான். அதற்கென்று ஒருவன் இருந்தான். முத்துவீரன் என்று பெயர், வன்னியம்பட்டியில் சம்சாரி வீட்டுப் பையன். மேடை ஓரத்தில் இடப்பக்கத் தட்டிக்குப் பின்னால் புத்தகத்தோடு நின்று, வசனத்தை மெல்ல எடுத்துக் கொடுக்கிற பிராம்ட்டர் அவன். முதலில் "ம்..." என்று தொண்டைக்குள் ஒரு சத்தம். அடுத்த மூச்சில் வசனம். அது ஜெபதுரையின் காதில் விழுந்த கையோடு வாயில் வந்துவிடும். நடுவில் புத்திக்கு வேலையே கிடையாது. மூன்று வருஷமாக இப்படியே பழகிப் போனது.

"ஏலே முத்துவீரா, நீ 'எந்தலைல மண்ணு'ன்னு சொல்லிக்குடுத்தாலும் அதையும் சொல்லிருவாம்லே அவன்" என்று பையன்கள் கேலி செய்வார்கள். முத்துவீரன் சிரிப்பான். ஜெபதுரையும்தான் சிரிப்பான்.

டிசம்பர் மாதம் பண்டிகை விடுமுறைக்கு முந்தின நாள் ஒரு நாடகம். பாதியில் முத்துவீரனுக்கு இருமல் பிடித்துக்கொண்டது. வசனம் வரவில்லை. ஜெபதுரை கத்தியை உருவிய கையோடு வாயைப் பிளந்துகொண்டு நின்றான். முதலில் ஒருவன் சிரித்தான். பிறகு கொட்டகை முழுக்கச் சிரித்தது. பொடியன்கள் விசில் அடித்தார்கள். ஜெபதுரைக்கு மானம் போய்விட்டது.

நாடகம் முடிந்ததும் முத்துவீரன் வேஷச் சாமான்களைக் கட்டிவைக்கப் போனான். மைதானத்துக் கோடியில் ஓடு போட்ட பழைய அறை, ஜன்னல் கிடையாது. ஜெபதுரை பின்னாலேயே போய்க் கதவைச் சாத்தினான். தன் டிரங்குப் பெட்டிப் பூட்டைக் கழற்றிக் கொண்டுவந்து வெளியே பூட்டினான்.

"ஏ ஜெபதுரை! வெளாடாதலே. உள்ள கண்ணு தெரியல."

"நல்லாக் கெட. விடிஞ்சி வாரேன்."

கதவைத் தட்டுகிற சத்தம் விடுதி வரை கேட்டது. நாடகம் முடிந்த கையோடு மற்றப் பையன்கள் ஊருக்குக் கிளம்பியிருந்தார்கள். ஜெபதுரை போர்வையை இழுத்துவிட்டுத் தூங்கிப் போனான். ஆத்திரம் தீர்ந்தவனுக்குத் தூக்கம் நன்றாக வரும் போலிருக்கிறது.

விடியுமுன் போய்த் திறந்தான். முத்துவீரன் கதவை ஒட்டியே கிடந்தான். ஒரு கால் வீங்கி நீலம் பாய்ந்திருந்தது. கண்ணாடிவிரியன். உடம்பு சில்லிட்டுப் போயிருந்தது. ஜெபதுரை பூட்டை மடியில் கட்டிக்கொண்டு முதல் பஸ்ஸில் ராஜபாளையம் போய்விட்டான்.

படுதாத் துணிமேல் படுத்துத் தூங்கப் போனவனைப் பாம்பு தீண்டிவிட்டது என்று பள்ளிக்கூடம் முடிவு கட்டியது. விடுதி வார்டன் தேவஇரக்கம் சார் கண்ணீரோடு ஜெபம் செய்தார். முத்துவீரனின் அப்பா கருத்தப்பாண்டி மாட்டுவண்டியில் வந்து பிள்ளையை எடுத்துக்கொண்டு போனார். ஒருவரையும் ஒரு வார்த்தை கேட்கவில்லை. பாவி, பெற்ற மனசுக்கு எப்படி இருந்திருக்கும்!

ஜெபதுரையும் அழுதான். நிஜமாகவே அழுதான். ஆனால் வாயை மட்டும் திறக்கவில்லை. திறந்தால் என்ன ஆகும்? மார்ச் மாதம் ஆறாவது பாரத்துக்குப் பிரிவுபசார விழா. டி.எஸ்.பி. தலைமை. ஏட்டையா யார் யார் காலிலோ விழுந்து அந்த ஏற்பாட்டைச் செய்திருந்தார். "நாடகத்தப் பாத்துட்டு, பையன் யாருன்னு அவிய ஒரு வார்த்தை கேட்டாப் போதும்லே. ஒனக்கு வேலை கெடச்ச மாதிரி" என்று மகனிடம் படித்துப் படித்துச் சொல்லியிருந்தார். வாயைத் திறந்தால் ஜெபதுரைக்குப் போலீஸ் வேலை இல்லை, விலங்குதான்.

மார்ச் முதல் வாரம் ஒத்திகை தொடங்கியது. தமிழ்ப் பண்டிதர் எழுதிய நாடகம். விசயகீர்த்தி என்ற ராஜா நீதி வழங்குகிற கதை, ஜெபதுரை ராஜா. புதுப் பிராம்ட்டர் வேதசிரோமணி, அதே வகுப்புப் பையன். அவன் வலப்பக்கத் தட்டியில் நின்றான். இடப்பக்கம் நிற்க யாருக்கும் மனசு வரவில்லை.

முதல் நாள் ஒத்திகை. ஜெபதுரை ஒரு வார்த்தை பிசகாமல் பேசி முடித்தான். பண்டிதர் முதுகில் தட்டிக்கொடுத்தார்.

வேதசிரோமணி வந்து கேட்டான். "எப்பலே மனப்பாடம் பண்ணுன?"

"நான் எங்க பண்ணுனேன்? நீதான குடுத்த."

"நான் வாயே தெறக்கலையே. நீ கடகடன்னு சொல்லிட்டுப் போன. சும்மா நின்னேன்."

ஜெபதுரை திரும்பிப் பார்த்தான். வசனம் வந்தது இடப்பக்கத்திலிருந்து. அங்கே சுவரில் சாத்திய பெஞ்சைத் தவிர ஒன்றும் இல்லை.

இரண்டாம் நாளும் அப்படியே. "ம்..." என்று ஒரு சத்தம். பிறகு வசனம். நடுவில் லேசாக ஒரு இருமல்.

"யாருலே அங்க இருமுறது?" என்று ஜெபதுரை கத்தினான்.

எல்லோரும் அவனையே பார்த்தார்கள். யாருக்கும் இருமல் கேட்டிருக்கவில்லை.

அன்று முதல் ஜெபதுரை உயிரைக் கொடுத்து மனப்பாடம் செய்தான். வாழ்க்கையில் முதல்முறையாகச் செய்தான். சாப்பிடும்போது, குளிக்கும்போது, மடவார் வளாகத்துத் தெப்பக்குளப் படியில் நடக்கும்போது, எந்நேரமும் ராஜா வசனம்தான். பண்டிதருக்கு ஒரே சந்தோஷம். காதே தேவையில்லை, வாய் தானாகப் பேசிவிடும் என்ற நிலைக்கு வந்துவிட்டான்.

அதுவும் போதாது என்று நாடகத்தன்று சாயங்காலம் சாப்பாட்டுக் கூடத்திலிருந்து மரப்பெட்டிகளை இழுத்துவந்து, இடப்பக்கத் தட்டிக்கும் சுவருக்கும் நடுவே ஆள் நிற்க முடியாதபடி அடுக்கினான். ஒரு பூனை கூட நுழைய முடியாது. கையை விட்டுப் பார்த்தான். நிம்மதியாக முகத்துக்கு அரிதாரம் பூசிக்கொண்டான்.

மணி ஏழு. பெட்ரோமாக்ஸ் விளக்குகள் சீறிக்கொண்டிருந்தன. முன் வரிசையில் டி.எஸ்.பி. அவருக்குப் பக்கத்தில் வார்டன் தேவஇரக்கம் சார், பின்னால் விறைப்பாக ஏட்டையா. கடைசியில் வாசலோரம், தலையில் துண்டோடு கருத்தப்பாண்டி. தலைமையாசிரியர் மரியாதைக்கு ஆள் அனுப்பிக் கூப்பிட்டிருந்தார்.

முதல் காட்சி நன்றாக நடந்தது. இரண்டாவதும் நடந்தது. இடப்பக்கம் ஒரு சத்தமும் இல்லை. டி.எஸ்.பி. திரும்பி ஏட்டையாவிடம் ஏதோ கேட்பதையும், அப்பா பல்லெல்லாம் தெரியத் தலையாட்டுவதையும் ஜெபதுரை மேடையிலிருந்தே பார்த்தான். மனசு குளிர்ந்தது.

மூன்றாவது காட்சி. ராஜசபை. காவலர்கள் ஒரு கைதியை இழுத்துவந்து நிறுத்தினார்கள். ராஜா சிம்மாசனத்திலிருந்து எழுந்து, "குற்றவாளி யார்? உண்மையை உரை!" என்று கேட்க வேண்டும். ஜெபதுரை எழுந்தான். வாயைத் திறந்தான்.

"ம்..."

பெட்டிகளுக்குப் பின்னாலிருந்து வந்தது.

"குற்றவாளி நான்தான்" என்றான் ஜெபதுரை.

கொட்டகை கைதட்டியது. ராஜாவே குற்றவாளி! நல்ல திருப்பம் என்று நினைத்துக்கொண்டார்கள். ஆர்மோனியத்துக்குப் பக்கத்தில் இருந்த பண்டிதர் மட்டும் நிமிர்ந்து பார்த்தார்.

ஜெபதுரை மனப்பாடம் செய்த வசனத்தைத் தேடினான். ஒரு வரி கூட இல்லை. துடைத்துவிட்டாற்போல் போயிருந்தது.

"ம்... பூட்டுனது நான்."

"பூட்டுனது நான்."

"எம் பெட்டிப் பூட்டு. சாவி எங்கிட்டதான் இருந்துச்சு."

அதையும் சொன்னான். ராஜபாட்டு உடுப்பில் நின்றுகொண்டு, வன்னியம்பட்டிப் பேச்சில் சொன்னான்.

கைதட்டல் நின்றது.

"முத்துவீரன் உள்ள இருந்தான். தட்டுனான். எம் பேரச் சொல்லிக் கத்துனான். எனக்குக் கேட்டுச்சு. போத்திக்கிட்டுப் படுத்தேன்."

வலப்பக்கத்திலிருந்து வேதசிரோமணி, "ஏலே, என்ன பேசுத? புத்தகத்துல இது இல்லலே!" என்று பல்லைக் கடித்தான்.

ஜெபதுரைக்கு அது கேட்டது. நிறுத்த முடியவில்லை. மூன்று வருஷப் பழக்கம். காதில் விழுந்தது... வாயில் வந்தது.

வாசலோரம் கருத்தப்பாண்டி எழுந்து நின்றார். துண்டை வாயில் வைத்து அழுத்திக்கொண்டார்.

"சாமத்துக்கு மேல கால்ல கடிச்சிச்சு. அதுக்குப் பொறவும் தட்டுனேன்."

தட்டுனான் இல்லை. தட்டுனேன்.

ஜெபதுரை இடப்பக்கம் திரும்பிப் பார்த்தான். இது தனக்குத் தெரியாது. உள்ளே நடந்தது தனக்கு எப்படித் தெரியும்?

"கொஞ்ச நேரத்துல ஒருத்தரு வந்தாரு. கையில அரிக்கேன் லைட்டு. கதவிடுக்குல வெளிச்சம் தெரிஞ்சிச்சு. சார்... சார்னேன். பாம்பு கடிச்சிட்டுன்னேன். நின்னாரு... கேட்டாரு... போயிட்டாரு."



"ம்... அவரு பேரு..."

பெயர் காதில் விழுந்தது.

ஜெபதுரை இரண்டு கையாலும் வாயைப் பொத்திக்கொண்டான்.

"சொல்லு."

உதட்டைக் கடித்தான். ரத்தம் வந்தது.

"சொல்லுலே!"

பெட்டிகள் சரிந்தன. உள்ளிருந்து யாரோ தள்ளியதுபோல... ஒவ்வொன்றாக.

ஜெபதுரை கிரீடத்தோடு மேடையில் விழுந்தான். பெயரை மட்டும் சொல்லவில்லை.

அப்புறம் என்ன? விசாரணை வந்தது. ஆனால் பாருங்கள், தேவஇரக்கம் சார் போலீசிடம் ஒரே போடாகப் போட்டார். "அந்த அறைக்குப் பூட்டே கெடையாது. பையனுக்குப் பரீட்சைப் பயம், மூளை கொழம்பிட்டு. நாடகத்துல பேசுனதை எல்லாம் வாக்குமூலம்னு எடுத்துக்கிட்டா எப்படி?" டி.எஸ்.பி.யும் தலையாட்டினார். கேஸ் அத்தோடு முடிந்தது. கருத்தப்பாண்டி ஸ்டேஷன் வாசலில் மூன்று நாள் உட்கார்ந்திருந்துவிட்டு எழுந்து போனார். அவருக்கு நியாயம் சொல்ல ஒரு நாதி இல்லை.

வார்டன் தன்னை ஏன் காப்பாற்றினார் என்பது ஜெபதுரைக்குத் தெரியும். மேடையில் காதில் விழுந்த பெயர் அவருடையதுதான். அரிக்கேனோடு வந்தவர் அவர்தான். வெளியே பூட்டைப் பார்த்திருக்கிறார். ஏட்டு மகன் வேலை என்று புரிந்திருக்கிறது. நமக்கெதற்கு வம்பு என்று போய்விட்டார். இப்போது இவன் வாய் திறக்காத வரை அவர் பிழைத்தார், அவர் வாய் திறக்காத வரை இவன் பிழைத்தான். வெட்கங்கெட்ட ஒப்பந்தம், ஆனாலும் ஒப்பந்தம்.

ஜெபதுரை பரீட்சை எழுதவில்லை. ஒரே ஊரில் இருந்துகொண்டே அப்பா முகத்தில் விழிக்கவில்லை. ராஜபாளையத்தில் ஒரு நூல் மில்லில் சேர்ந்தான். நூற்பு இயந்திரங்கள் ஓடுகிற பெரிய கூடம், பக்கத்தில் நிற்பவன் கத்தினாலும் கேட்காது. அந்த இடம் வேண்டுமென்று கேட்டு வாங்கினான். மற்றவர்களெல்லாம் அங்கிருந்து மாற்றல் கேட்டு அழுவார்கள். இவன் ஒரு ஷிப்டு முடிந்தால் அடுத்த ஷிப்டும் பார்ப்பான்.

ஏனென்றால் எங்கே சத்தம் அடங்குகிறதோ அங்கே அது வந்துவிடும். இடது காதோரம் "ம்..." பிறகு அந்தப் பெயர். பிறகு, "சொல்லு." பொண்டாட்டியோடு பேச உட்கார்ந்தால் வரும். கோயிலில் ஜெபிக்க முழங்கால் போட்டால் வரும். அதனால் அவன் யாரோடும் பேசுவதை விட்டான். ஒன்பது வருஷம் பல்லைக் கடித்துக்கொண்டே காலம் தள்ளினான்.

1947. மார்ச் மாதம். சாயங்கால ஷிப்டு. திடீரென்று கரண்டு போயிற்று. இயந்திரங்கள் ஒவ்வொன்றாக ஓய்ந்தன. கூடம் அடங்கியது. வெளியே எங்கோ ஒரு காக்கை கத்தியது கூடக் கேட்டது.

"ம்..."

ஜெபதுரை கண்ணை மூடினான். சலித்துப் போயிருந்தான். முத்துவீரனுக்குப் பயந்ததெல்லாம் போய், அவன் பக்கத்தில்தான் நியாயம் என்று எப்போதோ தெரிந்துவிட்டது. ஒன்பது வருஷம் கெஞ்சியவனுக்கு ஒரு வார்த்தை கொடுக்கக் கூடாதா?

"தேவஇரக்கம் சார்" என்றான், வாய்விட்டு.

பக்கத்தில் நின்றவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். ஒன்பது வருஷத்தில் அவன் குரலை அப்போதுதான் கேட்கிறார்கள்.

அவ்வளவுதான். காது காலியாகிவிட்டது. கரண்டு வரும் வரை அங்கேயே உட்கார்ந்து விம்மி விம்மி அழுதான்.

மறுநாள் காலையில் செய்தி வந்தது. ஜெபதுரை பஸ் பிடித்து ஸ்ரீவில்லிபுத்தூருக்கு ஓடினான்.

தேவஇரக்கம் சார் இப்போது அதே பள்ளிக்கூடத்தில் தலைமையாசிரியர். முந்தின நாள் சாயங்காலம் ஆறாவது பாரத்துக்குப் பிரிவுபசாரம். மேடையில் நின்று பையன்களுக்குப் புத்திமதி சொல்லிக்கொண்டிருந்தாராம். பாதியில் நிறுத்தி, இடப்பக்கம் திரும்பி, "யாருலே அது?" என்றாராம். பிறகு பையன்களைப் பார்த்து, வேறு யாரோ பேசுகிற மாதிரி, "கதவுக்கு வெளிய நின்னேன். பாம்பு கடிச்சிட்டுன்னு சொன்னான். பூட்டைத் தொட்டுப் பாத்தேன். போயிட்டேன்" என்றாராம். மேடையை விட்டு இறங்கி இருட்டில் நடந்து போனவரை, உடம்புக்கு முடியவில்லை, வீட்டுக்குப் போகிறார் என்று விட்டுவிட்டார்கள்.

காலையில் மைதானத்துக் கோடி அறையில் கிடந்தார். கதவு வெளியே பூட்டியிருந்தது. உடைத்துத்தான் திறந்தார்கள். கடி இல்லை, காயம் இல்லை. விரல்களில் மட்டும் நகம் இல்லை.

ஜெபதுரை போய்ச் சேர்ந்தபோது இன்ஸ்பெக்டர் விடுதிப் பையன்களை வரிசையாக நிறுத்தி விசாரித்துக்கொண்டிருந்தார். நாலாம் பாரத்துப் பொடியன்கள். ஜெபதுரை கூட்டத்துக்குள் நின்று கேட்டான்.

"ராத்திரி கதவத் தட்டுற சத்தம் ஒருத்தனுக்கும் கேக்கலையா?"

"கேட்டுச்சு சார். விடிய விடியக் கேட்டுச்சு."

"பொறவு ஏன்டா தெறக்கல?"

"நாங்க போனோம் சார். கதவுகிட்ட ஒரு அண்ணன் இருமிக்கிட்டு ஒக்காந்திருந்தாரு. போய்த் தூங்குங்கலே, இத நான் பாத்துக்கிடுதேன்னாரு."

"எந்த அண்ணன்? எந்த வகுப்பு?"

 ஒருவன்தான் சொன்னான்.

"ஆறாவது பாரம்னு சொன்னாரு சார். இன்னும் பரீட்சை எழுதலையாம்."